சாதகம் என்னும் கல்வி: ஷேக் சின்ன மௌலானா வாழ்வு காட்டும் பாடம்

இசையில் வெற்றி பெற்ற ஒருவரைக் காணும்போது, “இது பிறவியிலேயே வாய்த்த வரம்” என்று கூறி அமைவது நம்மிடையே வழக்கம். அச்சொல் கலைஞரைப் போற்றுவதுபோலத் தோன்றினும், அவர் பட்ட பாட்டை மறைத்துவிடுகிறது. கற்க விழையும் இளைஞரின் ஊக்கத்தையும் அது குன்றச் செய்கிறது. வரம் வாய்த்தவர்க்கே இசை என்றால், மற்றவர் முயல்வதில் பொருளில்லை அன்றோ? இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை ஒரு பெருங்கலைஞரின் வாழ்வைக் கொண்டு விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளங்கோவடிகள் காட்டும் இலக்கணம்

இசைக்கலைஞர்க்கு வேண்டிய தகுதிகள் யாவை என்னும் வினா தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணங்களை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். அவ்விலக்கணங்களுள் குலப்பெருமையைவிடப் புலமையும் பயிற்சியுமே மேலோங்கி நிற்கின்றன. தண்ணுமை வாசிப்போன் தன் கருவியை மட்டும் அறிந்தால் போதாது; ஆடலும் பாடலும் அறிந்திருத்தல் வேண்டும். பிற கருவிகளின் இசையில் குறைவு நேருமிடத்து நிரப்பவும், மிகையாகுமிடத்து அடக்கவும் அவன் வல்லவனாதல் வேண்டும். மாதவியோ ஐந்தாம் வயதில் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில்தான் அரங்கேறினாள். கேள்வியறிவும் இடையறாப் பயிற்சியும் இன்றி அரங்கு இல்லை என்பதே காப்பியம் தரும் செய்தி.

பரம்பரையும் போதாமை கண்டவர்

இச்செய்திக்கு நம் காலத்துச் சான்றாக விளங்கியவர் நாதசுரக் கலைஞர் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திராவின் இன்றைய பிரகாசம் மாவட்டத்திலுள்ள கரவடி என்னும் ஊரில் 1924ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக நாதசுரம் வாசித்துவந்த இசுலாமியக் குடும்பம் அவருடையது. தந்தையாரிடம் தொடக்கப் பயிற்சி பெற்றார். பின்னர்ச் சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிப்பிடம் பயின்றார். குருதிவழிச் சொத்தாக வந்த கலை. அதனைக் கற்றுத்தர வீட்டிலேயே ஆசான். இவற்றைக்கொண்டே அவர் தம் ஊர்ப்புறத்தில் நற்பெயருடன் வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் அவர் அவ்வளவில் அமையவில்லை. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பும், அவர்வழி விளங்கிய தஞ்சைப் பாணியும் அவர் உள்ளத்தை ஈர்த்தன. தாம் கற்றதற்கும் தாம் கேட்டதற்கும் இடையே உள்ள தொலைவை அவர் செவி உணர்ந்தது. எனவே தமிழகம் வந்து, நாச்சியார்கோவில் சகோதரர்களாகிய ராஜம், துரைக்கண்ணு ஆகியோரிடம் மாணவராக அமர்ந்தார். கருவியைக் கையாளக் கற்றுத் தேர்ந்த ஒருவர் மீண்டும் பாடம் கேட்க அமர்வது எளிதன்று. பழகிப்போன விரலையும் மூச்சையும் மாற்றுவது, புதிதாகக் கற்பதினும் அரிது.

ஏனெனில் நாதசுரம் எளிதில் இணங்கும் கருவியன்று. விரலால் மூடித் திறக்கும் துளைகள் ஏழே. நுட்பமான சுரங்களையும் கமகங்களையும், துளையைப் பாதியளவு திறந்தும், மூச்சின் விசையை மாற்றியும், சீவாளியின்மீது உதடு தரும் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்துமே பிறப்பிக்க வேண்டும். சுரத்தின் இடத்தைக் காட்டித்தர அதில் மெட்டும் இல்லை, கட்டையும் இல்லை. செவி திருந்தினாலன்றி வாசிப்பும் திருந்தாது.

பின்னர்த் திருவரங்கத்தில் குடியேறிய மௌலானா, அங்கு நாதசுரப் பள்ளி நிறுவிப் பலருக்குக் கற்பித்தார். 1977இல் பத்மஸ்ரீ விருதும், 1998இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதும் அவரை வந்தடைந்தன. 1999இல் அவர் மறைந்தார். அவரிடம் பயின்ற காலீஷாபி, ஷேக் மெகபூப் சுபானி தம்பதியர் 2020இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கற்றவர் மாணவரானார், அம்மாணவர் ஆசானானார். இசை இவ்வாறே வாழ்கிறது.

ஆய்வு கூறுவது

மேலைநாட்டு உளவியலாரும் இவ்வினாவை ஆராய்ந்துள்ளனர். 1993இல் எரிக்சன் என்பாரும் அவர்தம் துணைவரும், பெர்லின் நகர இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை மூன்று பிரிவாக்கி ஆய்ந்தனர். மிகச் சிறந்தோரும் அடுத்த நிலையினரும் வாரத்துக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் தனித்துப் பயின்றனர். இசையாசிரியப் பயிற்சிக்கு வந்தோர் ஏறத்தாழ 9 மணி நேரமே பயின்றனர். இவ்வாய்விலிருந்தே “பத்தாயிரம் மணி” என்னும் பேச்சு உலகெங்கும் பரவிற்று.

எனினும் 2019இல் இவ்வாய்வை மீண்டும் நிகழ்த்தியபோது, இருபது வயதளவில் மிகச் சிறந்தோரும் அடுத்த நிலையினரும் ஏறத்தாழ ஒரே அளவு, அதாவது 11,000 மணி அளவில், பயின்றிருந்தமை தெரியவந்தது. பயிற்சி மிகக் குறைந்தோர் பின்தங்கினர் என்பது மெய். ஆனால் நல்லவரையும் மிக நல்லவரையும் பிரித்துக்காட்ட மணிக்கணக்கு மட்டும் போதவில்லை. எத்தனை மணி என்பதோடு, எவ்வாறு பயின்றோம் என்பதும் வினாவாகிறது.

நாம் செய்யத்தக்கன

மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர்ப் பகுதி மாணவர்கள் பலர் மின்சார ரயிலில் வந்து செல்வோர். மாலையில் வேலைக்குச் செல்வோரும் உளர். நாள்தோறும் மூன்று மணி நேரம் அவர்க்கு ஏது? கிடைக்கும் அரைமணி நேரத்தையேனும் பயனுற அமைத்துக்கொள்ளச் சில நெறிகள் உதவும்.

முதலாவது, கேட்டல். சிறந்த கலைஞர் ஒருவரின் ஒரு பாடலைப் பலமுறை கேட்டு, அவர் எங்கு நிறுத்துகிறார், எங்கு மூச்செடுக்கிறார் என்று நோக்குக. இரண்டாவது, தவறும் இடத்தைத் தனியே பிரித்தல். பாடல் முழுவதையும் பத்துமுறை வாசிப்பதினும், இடறும் ஓர் அடியைப் பத்துமுறை திருத்துவது மேல். மூன்றாவது, காலம் அறிந்து பயிலல். சரளி வரிசையை முதற்காலத்தில் தொடங்கி இரண்டாம், மூன்றாம் காலங்களுக்கு உயர்த்தும் நம் மரபு இந்நெறியே. விளம்பத்தில் தூய்மை பெறாதது துரிதத்தில் பெறாது. நான்காவது, தம் வாசிப்பைத் தாமே கேட்டல். இன்று கைப்பேசியிலேயே பதிவு செய்து கேட்கலாம். வாசிக்கும்போது செவிக்குத் தப்பிய பிழை அப்போது புலப்படும். ஐந்தாவது, இடைவெளி. ஒரே நாளில் ஐந்து மணி நேரம் வருந்துவதினும், நாளுக்கு ஒரு மணியாக ஐந்து நாள் பயில்வது நிலைத்து நிற்கும். இவை அனைத்திற்கும் மேலாக, நம் பிழையைத் தயங்காது எடுத்துரைக்கும் ஆசானை நாடுதல் வேண்டும்.

மிருதங்கமாயினும் கிதாராயினும் தஃப் ஆயினும் நெறி ஒன்றே. இயல்பான திறன் சிலர்க்கு மிகுதியாகவும் சிலர்க்குக் குறைவாகவும் அமையலாம். அதனை நாம் மாற்ற இயலாது. ஆனால் நம் குறையைக் கேட்டறியும் செவியையும், அறிந்தபின் மீண்டும் கற்க அமரும் பணிவையும் எவரும் வளர்த்துக்கொள்ளலாம். சின்ன மௌலானாவுக்குப் பரம்பரை தொடக்கத்தைத் தந்தது. உயர்வைத் தந்தது அப்பணிவே. பெற்றோரும் பெரியோரும் பிள்ளைகளிடம் “உனக்கு வருமா?” என்று வினவுவதை விடுத்து, “இன்று எதைத் திருத்தினாய்?” என்று வினவுவாராயின், நம் பகுதியிலும் நல்ல கலைஞர்கள் தோன்றுவர் என்பதில் ஐயமில்லை.