பெஞ்சில் உட்காரவா பாட்டி வந்தார்?

தீம் பார்க் என்றதும் தலைகீழாகச் சுழலும் ரோலர் கோஸ்டரும் அதிலிருந்து எழும் அலறலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தத் தொழிலுக்கே இலக்கணம் வகுத்த டிஸ்னிலாண்டின் கதை ஒரு பெஞ்சில் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிஃபித் பூங்காவில் மகள்கள் இருவரும் குதிரை ராட்டினத்தில் சுற்ற, வேர்க்கடலை கொறித்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்தாராம் வால்ட் டிஸ்னி. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே விளையாட ஓர் இடம் வேண்டும் என்று அப்போது தோன்றியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். 1955 ஜூலை 17-ல் அனஹெய்மில் அந்த இடம் திறந்தது. எழுபது ஆண்டுகளாகியும் பெஞ்சு மட்டும் காலியாகவில்லை. அன்று அப்பா இருந்த இடத்தில், இன்று பையையும் தண்ணீர் பாட்டிலையும் காவல் காத்தபடி தாத்தாவும் பாட்டியும் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் ஊர்ப் பெற்றோர் பலருக்கும் இதே காவல் வேலைதான்.

மூன்று தலைமுறையும் சேர்ந்து கிளம்பும் குடும்பம் வாசலைத் தாண்டியதும் பிரிந்துவிடுகிறது. டிஸ்னிலாண்டின் ரோலர் கோஸ்டர்களில், ஸ்பேஸ் மவுண்டனில் ஏற 102 செ.மீ. உயரம் வேண்டும், மேட்டர்ஹார்னுக்கு 107. அளவுகோலின் முன் குதிகாலை உயர்த்திப் பார்க்கும் கடைக்குட்டி அங்கேயே கழிகிறது. இதயம், முதுகு, கழுத்துக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்ற அறிவிப்பு பாட்டியைக் கழிக்கிறது. குழந்தையை ஒருவர் பார்த்துக்கொள்ள, பெற்றோர் மாறி மாறி ஏறிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. நல்ல வசதிதான். ஆனால் ஆளுக்கொரு பக்கம் பிரிவதைத் தவிர வேறு வழியில்லை என்பதற்கு அதுவே ஒப்புதல் வாக்குமூலம்.

சேர்ந்து போக வழியே இல்லையா? 1967-ல் வந்த ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படகுச் சவாரிக்கு உயர வரம்பு கிடையாது. மின்மினிகள் மினுக்கும் இருட்டில், குடிசைத் திண்ணையில் நாற்காலி ஆட்டியபடி இருக்கும் கிழவர் பொம்மையைக் கடந்து படகு மெல்ல நகரும். மண்டையோடு ஒன்று வாய் திறந்து எச்சரிக்கும். அடுத்த நொடி படகு சரிந்து கீழே இறங்கும். சின்னச் சரிவுதான், ஆனால் இருட்டில் அது வருவது தெரியாததால் உடம்பு தயாராக முடிவதில்லை. ஸ்பேஸ் மவுண்டனின் உச்ச வேகமே மணிக்குச் சுமார் 50 கி.மீ.தான். காலிச் சாலையில் நம் டவுன் பஸ் அதை எளிதாகத் தொடும். அங்கும் இருட்டுதான் அதைப் பலமடங்காக்கிக் காட்டுகிறது. ஆக, வியப்புக்கு வேகம் கட்டாயமில்லை, எதிர்பாராமை போதும். அதட்டியே பழகிய அப்பா அந்தச் சரிவில் கத்தலாம், சாமி அறைக்கும் அடுப்படிக்கும் இடையிலேயே பார்த்துப் பழகிய பாட்டி வாய்விட்டுச் சிரிக்கலாம். இத்தனை நாள் தெரிந்த ஆளுக்குள் தெரியாத ஒருவர் எட்டிப் பார்ப்பதுதான் குடும்பப் பயணத்தின் பெரிய வியப்பு. அதைக் காண, எல்லோரும் ஒரே படகில் இருந்தாக வேண்டும்.

இளசுகளுக்கு இது சலிக்காதா என்று கேட்கலாம். பெரிய சவாரிகளை யாரும் மூடச் சொல்லவில்லை. டிஸ்னிலாண்டே 1959-ல் மேட்டர்ஹார்னைக் கட்டியது. கேள்வி, நாளின் முதல் மணி நேரம் யாருக்கு என்பதுதான். பேரப்பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பதே பெரியவர்களுக்குச் சந்தோஷம் என்றொரு வாதமும் உண்டு. அது பாதி உண்மை. “எனக்கெதுக்குப்பா, நீங்க போயிட்டு வாங்க” என்பது பல நேரம் ஆசையின்மை அல்ல, பிறருக்குத் தொல்லையாகக் கூடாது என்ற கூச்சம். ஒருமுறை மறுத்ததையே முடிவாக எடுத்துக்கொள்வது நமக்கு வசதி, அவ்வளவுதான். வெயிலும் நடையும் தாங்காது என்பது நியாயமான கவலை. அதற்கு மருந்து, அவர்களுக்கான சவாரிகளைக் காலையிலேயே முடிப்பது; மத்தியானம் வரை காக்கவைப்பதல்ல.

அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது, வீட்டிலேயே குள்ளமானவரும் மூத்தவரும் சேர்ந்து ஏறக்கூடிய சவாரிகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதன் பிறகு. பைகளைக் காக்க லாக்கர் இருக்கிறது. அதற்குப் பாட்டி வேண்டாம்.