விடை சொல்லக் கட்டணமா?

1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இரு அணியிலும் சேர்த்து அதிக ரன் எடுத்தவர் யார்? நம்ம ஸ்ரீகாந்த், 38 ரன். சேப்பாக்கம் டெஸ்ட் ‘டை’ ஆனது எந்த ஆண்டு? 1986. துறையூர் டீக்கடையானாலும் பச்சைமலையின் டாப் செங்காட்டுப்பட்டியானாலும் கிரிக்கெட் பிடித்தவர்கள் இப்படிக் கேட்டு விளையாடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அடுத்த பந்து சிக்ஸரா என்று ஊகிப்பதையும்தான்.

பணம் கட்டச் சொல்லும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. வாட்ஸ்அப்பில் சுலபமான கிரிக்கெட் கேள்வி ஒன்று வரும். விடை அனுப்பியதும், ‘25 லட்சம் பரிசு, வரியை மட்டும் முதலில் கட்டுங்கள்’ என்பார்கள். நம்பாதீர்கள். உண்மையான ரொக்கப் பரிசென்றால், தருபவரே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரவேண்டும் என்பதே வருமான வரிச் சட்டம். முன்பணம் கேட்பவர் மோசடிக்காரர்.

இன்னொன்று செயலிகள். டாஸ் யாருக்கு, இந்த ஓவரில் எத்தனை ரன் என்று காசு வைத்து ஊகிக்கவைப்பவை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வேறுபாடே பார்க்காமல் பணம் கட்டி ஆடும் எல்லாவற்றையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். அந்த மாதமே ட்ரீம்11 செயலி தன் கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. அதன் பெயர் இந்திய அணியின் சட்டையிலிருந்தும் போனது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்கள் டெலிகிராம் வழியே ஆள் பிடிக்கின்றன. ‘உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் தாருங்கள், கமிஷன் தருகிறோம்’ என்று கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்பதும் இந்த வலையைச் சேர்ந்ததே. பணம் எவனுடையதோ, முடங்குவது அந்தப் பிள்ளையின் கணக்கு, வழக்கில் சிக்குவதும் அந்தப் பிள்ளைதான். எனக்கு மிகவும் கவலை தருவது இதுவே.

ஏமாந்தவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் பயம். மத்தியச் சட்டம் ஆடியவரைத் தண்டிப்பதில்லை. தமிழ்நாட்டின் 2022 சட்டத்திலோ ஆன்லைன் சூதாடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அதனால் பணம் வைத்து ஆடியவர்கள் வக்கீலிடம் கேட்டுவிட்டுப் புகார் எழுதுவது நல்லது. பொய்ப் பரிசுக்குப் பணம் கட்டியவரோ மோசடிக்கு இரையானவர். அவருக்குத் தயக்கமே வேண்டாம்.

பணம் போனது தெரிந்த நிமிடமே 1930-க்கு போன் செய்யுங்கள். அது சைபர் குற்ற உதவி எண். பணம் மேலும் கைமாறுவதற்குள் சொன்னால், போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்திவைக்க வழி உண்டு. மலையிறங்கி ஸ்டேஷனுக்கு நாளை போய்க்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது, எதிராளியின் எண் எதையும் அழிக்காதீர்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்; ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பியனுப்பக் கூடாது.

பந்தயத்தில் தோற்ற பணத்தைக் கேட்டு புக்கி வீட்டு வாசலில் வந்து நிற்கிறானா? 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. எந்தக் கோர்ட்டும் அந்தக் கடனை வசூலித்துத் தராது. மிரட்டினால் குற்றம் அவன்மேல்தான்.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்று பச்சைமலைக்காரர்கள் கேட்கலாம். பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் தரவேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். திருச்சி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். தோற்ற பணத்தை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. வீட்டில் ஒருவர் இதில் சிக்கியிருந்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து முதல் போனை நீங்களே போட்டுக் கொடுங்கள்.