தோலில் பரவும் திட்டுகள்: காரணங்களும் சிகிச்சைகளும்

தோலில் தோன்றிப் பரவும் திட்டுகள் எல்லாம் ஒரே நோயல்ல. பரீட்சையில் இவற்றை மாற்றி எழுதினால் புள்ளி மட்டுமே குறையும். வாழ்க்கையில் மாற்றி விளங்கிக்கொண்டால் உடலுறுப்பே பாதிக்கப்படலாம். ஆகவே பின்வரும் நான்கையும் வேறுபடுத்தி அறிந்துகொள்ளுங்கள்.

1. தேமல்
எமது தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகைப் பங்கசு, வெப்பத்தாலும் வியர்வையாலும் பெருகுவதால் ஏற்படுகிறது. கழுத்து, மார்பு, முதுகு ஆகிய இடங்களில் வெளிறிய அல்லது கபில நிறத் திட்டுகளும் மெல்லிய செதில்களும் காணப்படும். பங்கசு எதிர்ப்புப் பூச்சுமருந்தால் குணமாகும். எனினும் தோலின் பழைய நிறம் திரும்பச் சில மாதங்கள் செல்லலாம்.

2. படர்தாமரை
இதுவும் பங்கசுத் தொற்றே. வளையம் போன்ற சிவந்த விளிம்பும் அரிப்பும் இதன் அடையாளங்கள். துவாய், உடை என்பவற்றைப் பகிர்வதால் பரவும். வைத்தியரைக் கேளாமல் ஸ்ரெரொயிட் கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பு அடங்கும்; பங்கசுவோ மேலும் பரவும்.

3. வெண்புள்ளி
மெலனின் என்னும் நிறப்பொருளை உருவாக்கும் கலங்களை உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே அழிப்பதால் பால்போன்ற வெண்திட்டுகள் உண்டாகின்றன. இது தொற்றாது. பூச்சுமருந்துகளும் ஒளிச் சிகிச்சையும் பயன்படுத்தப்படுகின்றன.

4. தொழுநோய்
இதற்குக் காரணமான பற்றீரியாவை 1873 இல் நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் கண்டறிந்தார். வெளிறிய அல்லது சிவந்த திட்டில் தொடுகை உணர்வு குறைவதே முக்கிய அறிகுறி. பெரும்பாலும் வலியோ அரிப்போ இராது. இதனாலேயே பலர் இதனைத் தேமல் என எண்ணிக் காலம் கடத்துகின்றனர். தாமதித்தால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, கை, கால், கண் என்பன ஊனமடையலாம்.

சிகிச்சை பெறாத நோயாளியுடன் நீண்டகாலம் நெருங்கிப் பழகுவோருக்கே, பெரும்பாலும் சுவாசத் துளிகள் மூலம், இது தொற்றுகிறது. கைகுலுக்குவதாலோ ஒரே வாங்கில் அமர்வதாலோ தொற்றாது. கூட்டு மருந்துச் சிகிச்சை 6 அல்லது 12 மாதங்களுக்கு இலவசமாக வழங்கப்படுகிறது. இலங்கையில் 1995 இல் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியது. ஆயினும் இன்றும் புதிய நோயாளர்கள் இனங்காணப்படுகின்றனர்.

மாதிரி வினா
தரம் 11 மாணவன் ஒருவனின் முழங்கையில் உணர்வு குறைந்த வெளிறிய திட்டொன்று உள்ளது. நண்பர்களுக்குப் பயந்து அவன் நீளக்கைச் சட்டை அணிந்து வருகிறான். நீர் கூறும் ஆலோசனை யாது?

விடை
தாமதியாது அரசாங்க வைத்தியசாலையின் தோல் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுதல். மருந்தை இடைநிறுத்தாது முழுமையாக உட்கொள்ளுதல். வீட்டாரையும் பரிசோதனைக்கு உட்படுத்துதல். நண்பர்கள் அவனை ஒதுக்காதிருத்தல்.

இறுதியாக ஒன்று. உங்கள் உடலிலும் இவ்வாறான திட்டு இருந்தால் மறைக்க வேண்டாம். எந்த நோய் என நீங்களே முடிவு செய்யவும் வேண்டாம். இன்றே வீட்டில் சொல்லி, வைத்தியரிடம் காட்டுங்கள்.