விலை தந்தது எவ்வளவு, உழைப்பு தந்தது எவ்வளவு?

கடன் வாங்காமல் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும் நிலைக்கு வந்துவிட்ட விவசாயிகளிடம், "எப்படி முடிந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, "ராப்பகலா பாடுபட்டோமுங்க". இன்னொன்று, "ஏதோ நேரம் நல்லா இருந்துச்சுங்க". இரண்டும் உண்மைதான். ஆனால் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஈரோட்டு மஞ்சளை வைத்து அதைப் பார்க்கலாம்.

2010-ஆம் ஆண்டில் ஈரோடு சந்தையில் மஞ்சள் விலை குவிண்டாலுக்கு 15,000 ரூபாயைத் தாண்டியது. 2012-இல் 4,000 ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. ஏக்கருக்கு 20 குவிண்டால் காய்ந்த மஞ்சள் என்று வைத்துக்கொண்டால், முதல் விலைக்கு 3 லட்சம் ரூபாய். இரண்டாவது விலைக்கு 80 ஆயிரம். அதே மண், அதே 9 மாதப் பாடு. களையெடுப்பிலோ, மண் அணைப்பிலோ, வேகவைத்துக் காயப்போடுவதிலோ யாரும் குறை வைக்கவில்லை.

அப்படியானால் உழைப்புக்கு மதிப்பில்லையா? இருக்கிறது. விதைக்கிழங்கைத் தேர்ந்தெடுத்து நேர்த்தி செய்து, மழைக்காலத்தில் வடிகால் எடுத்துவிட்டவருக்கு 25 குவிண்டால் வரை வரும். தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகலுக்கு விட்டவருக்கு 15 வந்தாலே அதிகம். நல்ல விலை வந்த ஆண்டில் அந்த 10 குவிண்டால் ஒன்றரை லட்சம் ரூபாய். விலை அதிர்ஷ்டம்தான், அது வரும்போது வயலில் பயிர் நிற்க வேண்டும். முந்தைய ஆண்டுகளில் விலை இல்லாதபோதும் விதையை விடாமல் காத்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது.

இந்தப் பிரிவினையால் என்ன பயன் என்று கேட்கலாம். கிடைத்த பணத்தை என்ன செய்வது என்பது இதைப் பொறுத்தே இருக்கிறது. எல்லாம் தன் சாமர்த்தியம் என்று நம்பியவர்கள், அடுத்த ஆண்டும் அதே விலை வரும் என்று குத்தகைக்கு நிலம் பிடித்தார்கள். ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ விதைக்கிழங்கு வேண்டும். விலை உச்சத்தில் இருக்கும்போது விதையும் அந்த விலைதான். எல்லோரும் நட்டதால் வரத்து பெருகி, அறுவடைக்கு வரும்போது விலை சரிந்தது. உச்ச விலைக்கு விதை வாங்கி அடிமட்ட விலைக்கு விற்றார்கள்.

கொடுமுடிப் பக்கம் ஒரு விவசாயி வேறு மாதிரி செய்தார். "இது நம்ம கெட்டிக்காரத்தனமில்லீங்க, வந்த விலை" என்றவர், வந்த பணத்தில் முதலில் அடகில் இருந்த நகையைத் திருப்பினார். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி, 2 லட்சம் கடன். ஆண்டுக்கு 48 ஆயிரம் ரூபாய் வட்டி மட்டும். விலை 15,000 ஆக இருந்தபோது மூன்றேகால் குவிண்டால் விற்றால் அந்த வட்டி அடைந்துவிடும். 4,000-க்கு இறங்கியபோது 12 குவிண்டால் போக வேண்டும், அதாவது ஏக்கர் விளைச்சலில் பாதிக்கு மேல். மலிவான ஆண்டில் கடன் இப்படித்தான் கனக்கும்.

விலை சரிந்தபோது அவர் அவசரப்பட்டு விற்கவில்லை. நன்கு காய்ந்த மஞ்சளை வண்டு விழாமல் பார்த்துக்கொண்டால் ஓராண்டுக்கு மேலும் இருப்பு வைக்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடனும் பெறலாம். வட்டிக்காரர் வாசலில் நிற்பவருக்கு இந்த வசதியெல்லாம் கைக்கு எட்டாது. என்னைக் கேட்டால் விவசாயியின் பொருளாதாரச் சுதந்திரம் இதுதான்: விற்கும் நாளைத் தானே முடிவு செய்ய முடிவது. அதற்குக் கோடிகள் தேவையில்லை.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதனை விவசாயி என்று ஒருவரை மேடையேற்றும்போது லாபத்தை மட்டும் சொல்லாமல், அந்த ஆண்டின் விலையையும் அவர் நிலத்தின் பாசனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காலிங்கராயன் வாய்க்கால் வெட்டி 700 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் கரையில் நிலம் வாய்த்தவரையும் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றை நம்பி இருப்பவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. முன்னவரின் விளைச்சலில் யாரோ வெட்டிய வாய்க்காலுக்கும் பங்கு உண்டு. தண்ணீர் இல்லாதவர் தோற்றால் சோம்பேறி என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

"நாங்கள் உழைத்தோம்" என்பதிலும் ஒரு கேள்வி இருக்கிறது. களையெடுத்ததும், வெட்டிய கிழங்கைப் பொறுக்கி ஆய்ந்ததும் பெரும்பாலும் பெண்கள், வீட்டுப் பெண்களும் கூலிக்கு வந்தவர்களும். மஞ்சள் விலை எகிறிய வேகத்தில் அவர்கள் கூலி எகிறவில்லை. கொடுமுடிக்காரர் நகையைத் திருப்பிய கையோடு, வெட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் பேசிய கூலிக்கு மேல் பத்து நாள் கூலியைத் தனியாகக் கொடுத்தார். "அவங்க இல்லாட்டி 25 குவிண்டால் ஏதுங்க?" என்றார். அடுத்த ஆண்டு எல்லா வயலிலும் வெட்டு ஒன்றாக வந்து ஆள் கிடைக்காமல் ஊரே திண்டாடியபோது, அந்தப் பெண்கள் முதலில் வந்தது அவர் காட்டுக்குத்தான்.