தண்ணி லாரி புறப்படும் கிணறு

டிசம்பர் மழையில் தெருவே குளமாகக் கிடக்கும். அந்தத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தண்ணி லாரி ஒன்று வந்து, அடுக்குமாடிக் குடியிருப்பின் தொட்டியில் குழாயைச் செருகும். சென்னையின் தென்புறத்தில் யாரும் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 2015 டிசம்பரில் மூழ்கிய ஊருக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர்.

வெள்ளத்துக்குத் தனியாக ஒரு காரணம் சொன்னோம், வறட்சிக்குத் தனியாக ஒன்று. ஏரியைத் திறந்துவிட்டார்கள், வானம் பொய்த்துவிட்டது. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஓடும் கதையை லாரிக்குப் பின்னாலேயே போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஐ.டி. நிறுவனங்கள் வந்தன. குடிநீர்க் குழாய் வருவதற்கு முன்பே குடியிருப்புகள் எழுந்தன. குடிவந்தவர்களுக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. லாரி நிரம்பியதோ புறநகர்க் கிராமங்களின் வயல் கிணறுகளில். நெல்லை விற்பதைவிடத் தண்ணீரை விற்பது லாபம் என்றால் விவசாயி என்ன செய்வார்? அவர் கிணற்றோடு பக்கத்து வயல்காரரின் கிணறும் கீழே இறங்கியது. நிலம் தரிசாகி, ஒரு நாள் கல் நட்ட மனையானது. வயல் போனதும் ஏரிப் பாசனம் போயிற்று. பாசனம் போனதும் வரத்துக் கால்வாயைத் தூர்வார, மதகைப் பார்க்க ஊரில் ஆளில்லை. கால்வாய் அடைபட்ட பிறகு மழைநீர் தெருவுக்குள் வந்தது. தெருவில் தண்ணீர் நிற்கிறதா, வடிகால் கட்டு! கான்கிரீட் வடிகால் அதை அவசர அவசரமாகக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மண்ணில் ஊறவேண்டியது ஊறவில்லை. வீட்டு போர்வெல் வற்றியது. போன் போட்டு லாரியைக் கூப்பிட்டோம்.

இதில் எது காரணம், எது விளைவு? அலுவலகங்கள் என்னவோ அழகாகப் பிரித்து வைத்திருக்கின்றன: ஏரி நீர்வளத் துறைக்கு, குழாய் குடிநீர் வாரியத்துக்கு, வடிகால் மாநகராட்சிக்கு, மனைப்பிரிவு சி.எம்.டி.ஏ.வுக்கு. எல்லோரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தாலும் ஊர் மூழ்கலாம்.

1948-இல் வாரன் வீவர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் அறிவியலின் கேள்விகளை மூன்று வகையாகப் பிரித்தார். இரண்டு மூன்று விஷயங்கள் மட்டும் உள்ளவை ஒரு வகை. கேரம் போர்டில் ஒரு காய் இன்னொன்றை அடிப்பதுபோல. காற்றின் மூலக்கூறுகள்போலக் கோடிக்கணக்கில் தாறுமாறாக அலைபவை இன்னொன்று. அவற்றுக்குச் சராசரிக் கணக்கே போதும். மூன்றாவதுதான் தொல்லை. எண்ணிக்கை அத்தனை பெரிதில்லை, ஆனால் ஒன்றை இழுத்தால் மற்றதெல்லாம் அசையும். உயிருள்ள உடல் அப்படி. நகரமும் அப்படித்தான் என்று 1961-இல் எழுதியவர் ஜேன் ஜேக்கப்ஸ், கல்லூரிப் பட்டம் இல்லாத நியூயார்க் பத்திரிகையாளர். நகரமைப்பு நிபுணர்கள் முதல் இரண்டு வகைக் கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருடைய புகார்.

சென்னைத் தண்ணீரை மூன்றாவது வகையாக எடுத்துக்கொண்ட ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. வீணா சீனிவாசன், நீரியல் அறிஞர் ஸ்டீவன் கோரெலிக், பொருளியலாளர் லாரன்ஸ் கௌல்டர் ஆகியோர் சேர்ந்து செய்தது. நீர்த்தேக்கம், நிலத்தடி நீர், குழாய், லாரி, வீட்டுக்காரர் எடுக்கும் முடிவு எல்லாவற்றையும் ஒரே கணினி மாதிரிக்குள் கொண்டுவந்து, 2003-04 பஞ்சத்தை அதில் ஓட்டிப் பார்த்தார்கள். வீட்டுக் கிணறுகள்தான் நகரத்தின் கணக்கில் வராத சேமிப்பு என்று தெரிந்தது. அவை வற்றியபோது ஜனங்கள் லாரியிடம் போனார்கள்.

குழாய்க் கசிவையே எடுத்துக்கொள்ளுங்கள். வாரியத்தின் ஏட்டில் அது நஷ்டம். மண்ணுக்குள் இறங்கும் அதே தண்ணீர் தெருவோரக் கிணற்றுக்கு வரவு. கசிவை அடைக்க வேண்டாம் என்றில்லை. அடைத்தால் யார் வீட்டுக் கிணறு இறங்கும் என்பதைக் குழாய்ப் பொறியாளர் மட்டும் உட்கார்ந்து சொல்லிவிட முடியாது.

இந்தப் பார்வை நமக்குப் புதிதும் அல்ல. உயிரியலிலிருந்து நகரங்களைப் படிக்க வந்த ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ், 1914-இல் இந்தியாவுக்குக் கிளம்பினார். அவருடைய கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை மூழ்கடித்தது, சென்னை மீது குண்டு வீசிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். (கில்லாடிகளை எம்டன் என்கிறோமே, அந்த எம்டன்தான்.) மனிதர் அசரவில்லை. மறுபடி படங்களைத் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சி வைத்தார். மலேரியாவுக்குப் பயந்து குளங்களை மூடச் சொன்ன காலம் அது. மூடாதீர்கள், மீனையும் வாத்தையும் விடுங்கள், கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்றார் கெடிஸ். சுகாதார அதிகாரிக்குக் கொசு தெரிந்த இடத்தில் இவருக்குக் குளம் முழுவதும் தெரிந்தது. சென்னையோ 1920-களில் மாம்பலம் ஏரியை வடித்துத் தியாகராய நகரைக் கட்டியது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம்.

இன்று மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதன் குடிநீரில் ஒரு பகுதியோ கடலூர் மாவட்டத்து வீராணத்திலிருந்தும் ஆந்திரம் வழியே கிருஷ்ணாவிலிருந்தும் வருகிறது. லாரிகள் வரிசை கட்டி நிற்கும் அந்த வயல் கிணறு, மாநகராட்சியின் வரைபடத்தில் சென்னைக்குள் இல்லை.