கண்ணுக்குக் கீழே ஊசியா? கொஞ்சம் பொறுங்கள்!

உங்கள் மகள் பட்டணத்தில் வேலை செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம். ஒருநாள் வீட்டுக்கு வந்தவள், "அம்மா, கண்ணுக்குக் கீழ குழி விழுந்து கறுத்துப் போச்சு. அழகு நிலையத்தில ஓர் ஊசி போட்டாச் சரியாயிடுமாம். கிளினிக்கை விட விலையும் குறைவு" என்கிறாள். என்ன சொல்வீர்கள்?

"முகத்துக்கு என்னடி ஊசி!" என்று அதட்டினால், சொல்லாமலே போய்ப் போட்டுக்கொண்டு வருவாள். விவரம் தெரிந்து பேசினால்தான் காது கொடுப்பாள்.

அந்த ஊசியில் இருப்பது 'ஃபில்லர்' என்னும் பசை போன்ற பொருள். பெரும்பாலும் ஹயலூரானிக் அமிலம். நம் தோலிலும் கண்ணிலும் இயற்கையாகவே இருப்பதுதான். குழியை நிரப்புவதே அதன் வேலை. தோலின் கறுப்பை அது போக்காது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் நின்று, முகத்தை நிமிர்த்திப் பாருங்கள். கறுப்பு மறைந்தால் அது குழியின் நிழல். அப்படியே நின்றால் தோலின் நிறம். நம்மவர்களுக்கு இது பரம்பரையாக வருவதுண்டு. இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடும் தாய்க்கும், தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் மகளுக்கும் தூக்கம் ஏது? அதோடு இரத்தசோகையும் கண்ணைக் கசக்கும் பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கெல்லாம் ஃபில்லர் என்ன செய்யும், பாவம்!

ஊசி போட்டதும் வீங்குவதும் கன்றிப்போவதும் சகஜம். பத்துப் பதினைந்து நாளில் வடிந்துவிடும். ஆனால் இந்தப் பசை தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. சிலருக்கு மாதங்கள் கழித்தும், காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே பை தொங்கும். சிலருக்குக் கட்டி கட்டியாகத் தட்டுப்படும். கண்ணிமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது; சுமார் அரை மில்லிமீட்டர்தான். பசை மேலாகத் தங்கிவிட்டால் வெளிச்சம் அதில் சிதறி நீலமாகத் தெரியும். கறுப்பைப் போக்கப் போனவள் நீலத்தை வாங்கிக்கொண்டு வருகிறாள்!

ஹயலூரானிக் அமிலமாக இருந்தால் அதைக் கரைக்க 'ஹயலூரானிடேஸ்' என்ற மாற்று மருந்து உண்டு. கள்ளத்தனமாகப் போடும் திரவ சிலிகோனை எதைக் கொண்டும் கரைக்க முடியாது.

இனிச் சொல்லப்போவது அரிதாக நடப்பது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கண்ணைச் சுற்றியுள்ள இரத்தக்குழாய்கள் கண்ணுக்குள் போகும் குழாயோடு இணைந்தவை. ஊசிமுனை குழாய்க்குள் நுழைந்துவிட்டால், பசை உள்ளே ஓடி விழித்திரைக்குப் போகும் இரத்தத்தை அடைத்துவிடும். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடைப்பு நீங்காவிட்டால், போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. பக்கவாதம் வந்தவர்களும் உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல் இதைப் பற்றி எச்சரித்தது. கண்ணுக்குக் கீழ்க் குழிக்கென்றே ஒரு ஃபில்லரை அது முதன்முதலாக அனுமதித்தது 2022இல்தான்.

மலேசியாவில் அழகு நிலையக்காரர் இந்த ஊசியைப் போடக் கூடாது. அழகியல் சிகிச்சைக்கென்று சுகாதார அமைச்சின் எல்.சி.பி. சான்றிதழ் பெற்ற டாக்டர்தான் போட வேண்டும். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாத இடத்தில் தனியார் கிளினிக் நடத்துகிறவருக்கு 300,000 வெள்ளி வரை அபராதமோ 6 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். வீட்டு அறையிலும் ஹோட்டல் அறையிலும் குறைந்த விலைக்குப் போடுகிறவரிடம் மாற்று மருந்து இருக்குமா? கேட்டுப் பாருங்கள், முகமே பதில் சொல்லிவிடும்.

இவ்வளவும் கேட்டபின் மகள் டாக்டரிடமே போய்ப் போட்டுக்கொள்கிறாள் என்றால், அது அவள் விருப்பம். எனக்கென்னவோ, கல்யாணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்றுதான் படுகிறது.

போட்டுக்கொண்ட பின் தோல் வெளுத்தாலோ, வலைபோல் நீலம் பாய்ந்தாலோ, கண் மங்கினாலோ, இமை தொங்கினாலோ, தலைவலியோடு வாந்தி வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பசையில் மரத்துப்போகும் மருந்து கலந்திருந்தால் வலி உடனே தெரியாது. நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன மருந்து, எத்தனை மணிக்குப் போட்டது என்று அங்கே கேட்பார்கள். ஊசி போட்ட அன்றே மருந்துப் பெட்டியின் லேபிளைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.