ஓடி, நின்று, மறுபடி ஓடி: இன்டர்வல் பயிற்சி மனத்துக்கு என்ன செய்கிறது?

நானூறு மீட்டர் ட்ராக்கில் எட்டுச் சுற்று வேகமாக ஓட வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் 2 நிமிடம் நடக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இதைச் செய்து பழகியவர்களிடம் எந்தச் சுற்று கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். எட்டாவது என்று சொல்பவர்கள் குறைவு. ஐந்தாவது அல்லது ஆறாவது என்பார்கள். முதல் இரண்டு சுற்றில் கால் புதிதாக இருக்கும். கடைசிச் சுற்றில் ‘இதோடு முடிந்தது’ என்ற தெம்பு வந்துவிடும். நடுவில் இரண்டுமே கிடையாது. மூச்சு அடங்கவில்லை, தொடை கனக்கிறது, இன்னும் நான்கு பாக்கி.

ஐந்து கிலோமீட்டரை ஒரே சீராக ஓடுபவர் ஒரு தடவை புறப்பட்டால் போதும். இன்டர்வல் ஓடுபவர் எட்டுத் தடவை புறப்பட வேண்டும். அதுவும் என்ன காத்திருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே. மன உறுதி வளர்வது அந்தப் புறப்பாட்டில்தான் என்று நினைக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்குவதற்கு அதில் பலர் நினைக்கிற அளவுக்குப் பங்கில்லை.

இதயம் பயிற்சி பெறுவது எப்போது?

இந்த முறைக்கு அறிவியல் அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு ஜெர்மானியர்கள்: ஃப்ரைபர்க் நகரத்துப் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லர், இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டல். ஓடும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறலாம். நின்றபின் 90 வினாடிக்குள் அது 120க்கு இறங்க வேண்டும். இறங்கவில்லையா? ஓடிய வேகம் அதிகம், அல்லது தூரம் அதிகம், அல்லது அன்றைக்கு அவ்வளவு போதும். இதயம் வலுப்பெறுவது ஓய்வில்தான் என்பது அவர்கள் கொள்கை. கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடினார். அந்த உலக சாதனையை 1955 வரை யாரும் தொடவில்லை.

180, 120 என்ற எண்கள் இளம் விளையாட்டு வீரர்களை வைத்துச் சொன்னவை. ஐம்பது வயதுக்காரர் அதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. எண்ணை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஓய்வு பயிற்சியில் பாதி.

நார்வேயின் ட்ரான்ஹெய்ம் நகர ஆராய்ச்சியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிக்கடி பேசப்படுகிறது. அதிகபட்ச இதயத்துடிப்பில் 90 முதல் 95 சதவீதம் ஏறும்படி 4 நிமிட ஓட்டம், பிறகு 3 நிமிட மெல்லோட்டம். இப்படி நான்கு முறை. வாரம் மூன்று நாள், எட்டு வாரம். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு சுமார் 7 சதவீதம் கூடியது. அதே அளவு வேலையை மெதுவாக, நீண்ட நேரம் ஓடி முடித்தவர்களுக்கு அந்த உயர்வு கிடைக்கவில்லை.

பாட்டா தொழிற்சாலைப் பையன்

எமில் ஜாடோபெக் 1922இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். பதினாறு வயதில் ஸ்லின் நகரத்துப் பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நம் கடைத்தெருக்களில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் அதே பாட்டாதான். தொழிற்சாலை நடத்திய ஓட்டப் பந்தயத்தில் வேண்டா வெறுப்பாகக் கலந்துகொண்டு இரண்டாவதாக வந்தார். அதற்குப் பிறகு ஓட்டம் அவரை விடவில்லை.

மெதுவாக ஓடத்தான் ஏற்கெனவே தெரியுமே, வேகமாக ஓடுவதைத்தானே பழக வேண்டும் என்பது அவர் வாதம். நானூறு மீட்டரை வேகமாக ஓடுவார், கொஞ்சம் மெல்லோட்டம், மறுபடி நானூறு. இப்படி ஒரே நாளில் 40 தடவை. சில காலம் அதற்கும் மேல். ராணுவத்தில் இருந்தபோது பூட்ஸ் மாட்டிக்கொண்டு பனியிலும் ஓடினார். ஓடும்போது அவர் முகம் கோணும், தலை ஆடும். பார்ப்பவர்கள் இந்த ஆள் அடுத்த சுற்றில் விழுந்துவிடுவார் என்று நினைப்பார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் எட்டு நாளுக்குள் 10,000 மீட்டர், 5,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார். அதற்கு முன் அவர் ஒரு மாரத்தான்கூட ஓடியதில்லை.

ஜாடோபெக்கை உதாரணமாகக் காட்டுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நாற்பது சுற்று ஓடியவர் கதையைப் படித்துவிட்டு மறுநாள் காலையில் இருபது சுற்று ஓடப் போய்க் கணுக்கால் வீங்கி உட்காருபவர்கள் உண்டு. அவர் அந்த எண்ணிக்கைக்கு வந்து சேர ஆண்டுகள் ஆயின. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அத்தனை தடவை நின்று புறப்பட்டவருக்குப் பந்தயத்தின் நடுவில் களைப்பு வரும்போது அது புது விருந்தாளி இல்லை.

61 வினாடியில் நின்றுபோனவர்

ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் முதலில் ஓடியவர் ரோஜர் பானிஸ்டர். லண்டனில் மருத்துவ மாணவர். ஓட்டத்துக்கு அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் மதிய உணவு இடைவேளைதான். கால் மைல் வீதம் பத்துத் தடவை, நடுவில் 2 நிமிட ஓய்வு: இதுதான் அவருடைய முக்கியப் பயிற்சி. ஒவ்வொரு கால் மைலையும் 60 வினாடிக்குள் முடித்தால்தான் அவர் நினைத்தது நடக்கும். மாதக்கணக்கில் பாடுபட்டுக் குறைத்துக்கொண்டே வந்தவர், 1954 வசந்தத்தில் 61 வினாடியில் முட்டிக்கொண்டு நின்றார். எவ்வளவு முயன்றும் இறங்கவில்லை.

இன்னும் கடுமையாக ஓடு என்றுதான் நம்மில் பலரும் சொல்லியிருப்போம். பானிஸ்டர் நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சில நாள் மலையேறினார். ஓட்டத்தைத் தொடவில்லை. திரும்பி வந்து ஓடியபோது 59 வினாடி! 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டின் இஃப்ளி ரோடு மைதானத்தில், காற்று அடித்துக்கொண்டிருந்த மாலையில், ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் முடித்தார்.

ஓடாமல் இருப்பதற்கும் உறுதி வேண்டும். ஒரு நாள் விட்டுவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற பதற்றத்தில் காய்ச்சலோடு ஓடுபவர்களைவிட அந்தச் சில நாள் மலையேறியவர் மனத்திடம் கூடியவர் என்பேன்.

‘இனி முடியாது’ என்று சொல்வது யார்?

கால் நின்றுபோவது தசை தீர்ந்துபோவதால் மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்க விஞ்ஞானி டிம் நோக்ஸ், உடல் உண்மையான எல்லையைத் தொடும் முன்பே மூளை தற்காப்புக்காகப் பிரேக் போடுகிறது என்றார். இந்தக் கோட்பாட்டை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் களைப்பில் மனத்துக்குப் பங்கு உண்டு என்பதற்குச் சோதனைச் சான்று இருக்கிறது. சாமுவேலே மார்க்கோரா குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சிலரை 90 நிமிடம் கவனம் பிசகாமல் கம்ப்யூட்டர் வேலை செய்ய வைத்துவிட்டு சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். அதே ஆட்கள் இன்னொரு நாள் ஆவணப்படம் பார்த்துவிட்டு மிதித்தார்கள். மூளை களைத்திருந்த நாளில் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். இதயமும் தசையும் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்தன. கஷ்டமாகத் தோன்றியது மட்டும் கூடியிருந்தது.

நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டு மாலை ஏழு மணிக்கு கிரவுண்டுக்குப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் ஓடிய நேரம் மாலையில் வரவில்லை என்றால் உடம்பு கெட்டுவிட்டது என்று பொருளில்லை.

மார்க்கோரா பங்கேற்ற மற்றோர் ஆய்வு 2014இல் வந்தது. தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஊக்கச் சொற்களை இரண்டு வாரம் பழகியவர்கள், களைத்து நிறுத்தும் வரை மிதித்த நேரம் சுமார் 18 சதவீதம் கூடியது. பெரிய வசனம் எதுவும் தேவையில்லை. ‘இந்த ஒரு ரவுண்டு’, ‘தோளைத் தளர்த்து’ போன்ற இரண்டு மூன்று சொல் போதும். ஓய்வின் கடைசி இருபது வினாடிதான் அதைச் சொல்லிப் பார்க்கும் நேரம். மீதி எத்தனை சுற்று என்று எண்ணத் தொடங்குவதும் அப்போதுதான். எண்ணாதீர்கள்.

வலி பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 2017இல் இங்கிலாந்திலிருந்து வெளியானது. மொத்த வேலை சமமாக இருக்கும்படி ஒரு குழு இன்டர்வல் முறையிலும் இன்னொரு குழு சீரான வேகத்திலும் ஆறு வாரம் பயிற்சி செய்தன. இரு குழுவுக்கும் உடல்திறன் கூடியது. தசை வலியைத் தாங்கும் அளவு கூடியது இன்டர்வல் குழுவுக்குத்தான்.

இதை வைத்துக்கொண்டு ‘இன்டர்வல் ஓடினால் வாழ்க்கையில் எதையும் சமாளிப்பாய்’ என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். மைதானத்தில் பழகிய பொறுமை அலுவலகத்திலும் வீட்டிலும் தானாக வந்துவிடும் என்பதற்கு உறுதியான சான்று குறைவு. உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்க உதவும் என்பது உண்மை. ஆனால் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாக வேண்டும் போலிருக்கிறது என்ற நிலையில் இருப்பவருக்கு வேண்டியது மனநல மருத்துவர்.

தாங்க வேண்டியதும் தாங்கக் கூடாததும்

மூச்சு வாங்குவது, தொடை எரிவது, வாய் உலர்வது: இவை பயிற்சியின் பகுதி. நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கும். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, கண் இருட்டுவது, துடிப்பு தாறுமாறாகப் போவது ஆகியவை அடங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதவை. ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். ஒரே இடத்தில் குத்தும் எலும்பு வலி, நடையை மாற்ற வைக்கும் முழங்கால் வலி ஆகியவையும் நிறுத்த வேண்டிய அறிகுறிகளே. கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கிச் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருளாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டி இதுவரை உடற்பயிற்சி செய்யாதவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் உள்ளோர் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரட்டும். இன்சுலின் அல்லது சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டினால் ஏமாறுவார்கள். வயதை 220இலிருந்து கழிக்கும் கணக்கும் தோராயம்தான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும்.

பெண்களுக்கு ஒன்று. பயிற்சியைக் கூட்டிச் சாப்பாட்டைக் குறைத்ததில் மாதவிடாய் நின்றுபோனால் அதை ‘ஃபிட்’ ஆனதன் அடையாளம் என்று எண்ண வேண்டாம். எலும்பு பலவீனமாகும்.

நம் ஊர் வெயிலில்

ஃப்ரைபர்க்கிலும் ஹெல்சிங்கியிலும் இல்லாத தொல்லை நமக்கு உண்டு. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும், உடல் குளிராது. ஏப்ரல், மே மாதங்களில் இன்டர்வலைக் காலை ஆறு மணிக்கு முன் முடித்துவிடுங்கள், வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு உடல் பழக இரண்டு வாரம் ஆகும். கூட ஓடுபவர் தள்ளாடினாலோ குழப்பமாகப் பேசினாலோ நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். அக்குளிலும் கழுத்திலும் ஐஸ் வையுங்கள். உடனே 108ஐ அழையுங்கள்.

முதல் நாள்

ட்ராக் இல்லாவிட்டால் பரவாயில்லை. பள்ளி மைதானம், வண்டி வராத தெரு, மணல் கெட்டியாக இருக்கும் கடற்கரை ஓரம், எதுவும் ஆகும். பத்து நிமிடம் வேகநடையும் மெல்லோட்டமுமாக உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு ஒரு நிமிட ஓட்டம்: ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகம், ஆனால் கடைசி மூச்சு வரை விரட்டும் வேகம் இல்லை. நின்ற இடத்தில் ஒரு செங்கல் துண்டை வையுங்கள். 2 நிமிடம் நடந்து புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி, மறுபடி ஓடுங்கள். ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் அதே செங்கல்லில் முடிய வேண்டும். ஆறாவது ஓட்டம் செங்கல்லுக்கு முன்பே நின்றுபோனால், முதல் ஓட்டத்தில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரம் செங்கல்லைப் புறப்படும் இடத்தை நோக்கிப் பத்தடி இழுத்து வையுங்கள்.

முதல் மாதம் வாரத்துக்கு ஒரு நாள் இது போதும். மற்ற நாள்களில் நடையோ மெல்லோட்டமோ. அடுத்து இரண்டு நாள் ஆக்கினால் நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஆறு முடிந்ததும் இன்னொன்று ஓடலாம் போலிருக்கிறதே என்று தோன்றினால், ஓடாமல் வீட்டுக்குக் கிளம்புங்கள். அடுத்த வாரம் ஏழு ஓடிக்கொள்ளலாம்.